மார்கழிப் பலகாரமும் கைமாறும்

மார்கழி பிறந்தால் எமது குடாநாட்டில் அடுப்புக்கு ஓய்வில்லை. வாடைக்காற்று வீச, மாரிமழையில் ஊறிய முற்றம் குளிர்ந்து கிடக்க, வைகறையிற் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டு திருவெம்பாவைக் குழுவினர் தெரு வழியே செல்வர். ஏறத்தாழ அதே நாட்களிற் குருநகரிலும் பாசையூரிலும் இளவாலையிலும் பாலன் குடில்கள் எழும். நத்தார் கழிந்து இரண்டு மூன்று கிழமைக்குள் தைப்பொங்கல் வந்துவிடும். இந்த ஒரு மாத காலத்தில் வீட்டுக்கு வீடு போகும் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் கணக்கில்லை.

அப்பெட்டிகளைக் குறித்து நான்கு வினாக்களை இவ்வாரம் சிந்திக்கலாம். உள்ளே இருப்பது யாது? அஃது எங்கிருந்து வந்தது? அதனை ஆக்கிய கை யாருடையது? அந்தக் கைக்குக் கிடைத்தது என்ன? முதல் மூன்றையும் நாம் ஓரளவு அறிவோம். நான்காவதை எவரும் கேட்பதில்லை.

எமது பண்டிகைச் சொற்களிற் பல கப்பலில் வந்தவை. நத்தார் என்பது போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்னும் சொல்லே. பாண், விசுக்கோத்து, அதனை வேகவைக்கும் போறணை, எடுத்து வைக்கும் அலுமாரி ஆகிய அனைத்தும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். யாழ்ப்பாண அரசை அவர்கள் கைக்கொண்டது 1619இல். 1658இல் வந்த ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயரிடம் கோட்டையை விட்டுப் போகுமுன், கொக்கிஸ் என்னும் அச்சுப் பலகாரத்தின் பெயரையேனும் எமக்குத் தந்து சென்றனர். சிறு பணியாரத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல் அது. ஆனால், இன்று கொக்கிஸ் செய்யும் மா அரிசிமா. அதிற் சேரும் பால் தேங்காய்ப்பால். பெயர் மட்டுமே பிறநாட்டது, சுவை எம்முடையது.

நத்தார்க் கேக்கின் கதையும் அதுவே. மேனாட்டார் கோதுமை மாவிற் செய்வதை இலங்கையர் பெரும்பாலும் ரவையிற் செய்கின்றனர். வாதுமை இருக்க வேண்டிய இடத்திற் பொடியாக அரிந்த முந்திரிப் பருப்பு இருக்கும். சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டுகளும் இஞ்சியும் சேரும். ஏலமும் கறுவாவும் மணக்கும். பாக்கு நீரிணைக்கு அப்பால், முத்துக்குளிப்புக்குப் பேர்போன தூத்துக்குடியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மேனாட்டில் வாதுமையாற் செய்யும் மக்கரூன், அங்கே முந்திரிப் பருப்பாற் செய்யப்பெற்று அவ்வூரின் பெயராலேயே விளங்குகின்றது. வந்த பண்டத்தை உள்ளூர்ப் பொருள்கொண்டு தம்முடையதாக்கிக் கொண்டவர், பெயர் தெரியாத அடுக்களைப் பெண்கள். எந்த வரலாற்று நூலிலும் அவர்களுக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

கொடுக்கும் முறையிலும் ஓர் அறிவு இருந்தது. முட்டை சேர்ந்த கேக்கை விரதகாரர் வீட்டுக்கு அனுப்புதல் முறையன்று என்று அயலிலுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தார் அறிந்திருந்தனர். சில ஆண்டுகளில் நத்தாரும் திருவெம்பாவையும் ஒரே கிழமையில் வரும். அப்பொழுது எங்கள் தெருவில் அவ்வீட்டிலிருந்து வருவது ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் ஒரு பொதி சீனியுமே. பொங்கலன்று எங்கள் வீட்டுப் புக்கை அவர்கள் வீட்டுக்குப் போகும். வெறும் பாத்திரம் திரும்பி வராது. மற்றவருடைய நோன்பை நினைவில் வைத்துக் கொடுப்பதே கொடை என்பதைச் சிறுவராகிய நாம் அந்தத் தட்டுகளைச் சுமந்தே கற்றோம்.

இனி எம்முடைய பலகாரத்துக்கு வருவோம். முறுக்கு, சீனி அரியதரம், தட்டை வடை எனப் பல இருப்பினும், நெடுநாள் இருக்கும் சுவைக்கும் உடலுக்கு இதத்துக்கும் பயற்றம் பணியாரத்தை வெல்வது அரிது. செய்முறையை இளம் வாசகியர் கேட்டு எழுதுவதுண்டு. ஆதலின் சுருக்கமாகத் தருகின்றேன்.

பயறு அரைக் கிலோவை மணம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோது நீக்கி மாவாக்கிக் கொள்க. ஒரு தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாது, பொன்னிறமாகி ஈரம் முற்றாக அகலும்வரை வறுக்க. மிளகு, சீரகம், ஏலம் மூன்றையும் பொடித்துச் சேர்க்க. சர்க்கரை 400 கிராமைச் சிறிது நீரில் இட்டுக் கம்பிப் பதத்திற்குக் காய்ச்சி, சூடாறுமுன் மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் தேசிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடிக்க. தேங்காய்ப்பாலில் அரிசிமாவும் சிறிது கோதுமை மாவும் உப்பும் மஞ்சளும் கரைத்து, உருண்டைகளை அதில் தோய்த்துப் பொரித்தெடுக்க. பலரும் தவறவிடும் இடம் தேங்காய் வறுப்பது. அதில் ஈரம் எஞ்சினால் மூன்றாம் நாளே பணியாரம் சிக்கு மணக்கும். வறுவல் சரியாயின் இரண்டு கிழமைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆறுமுன் மூடி வைத்தலும் ஆகாது.

இதனை வாசிக்க இரண்டு நிமிடம் போதும். செய்வதற்கு ஒரு முழுநாள் வேண்டும். பாகு இறுகுமுன் உருட்டி முடிக்க இரண்டு கை போதாது. நான்கு கையேனும் வேண்டும். அதனால் அன்றோ எம் முன்னோர் ‘பலகாரச் சூடு’ என்று ஒரு நாளையே குறித்து வைத்தனர்! கலியாண வீட்டிற் பலகாரச் சூடு என்றால் அயற்பெண்கள் சொல்லாமலே வருவர். ஒருத்தி மா அரிப்பாள், ஒருத்தி உருட்டுவாள், ஒருத்தி தாச்சியின் முன் அமர்வாள். அன்று வந்தவளின் வீட்டில் விசேடம் வருங்கால் இவ்வீட்டுக்காரி அங்கே போவாள். பணம் கைமாறுவதில்லை, உழைப்பே கைமாறிற்று. கைமாறு என்ற சொல்லுக்கு இதனிலும் தெளிவான உரை எனக்குத் தெரியவில்லை.

பலகாரம் வைக்கும் பெட்டியும் அப்படிப்பட்டதே. குருத்தோலையை மரத்தில் ஏறி வெட்ட ஒருவர் வேண்டும். அதனை வெயிலில் உலர்த்தி, சத்தகத்தால் ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, வேண்டுமாயிற் சாயமும் இட்டு, மீண்டும் நனைத்துப் பதமாக்கிய பின்னரே இழைக்கத் தொடங்கலாம். கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, கொட்டைப்பெட்டி, மூடுபெட்டி, உமல், பாய் என எத்தனை பொருள்! பனையின் பயன்கள் 801 என்று ‘தால விலாசம்’ கூறுவதாகப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோம். அவற்றுட் பெரும்பகுதி மரத்தின் பயனோடு மனிதக் கையின் பயனும் ஆகும் என்பதை மறந்துவிடுவோம். ஓலை தானாகப் பெட்டியாவதில்லை.

இப்பொருள்களின் அருமை எம் தலைமுறைக்கு ஏட்டில் வந்த அறிவன்று. 1990ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின், மின்சாரமும் இல்லை. பொருட்தடையினால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரிதாயின. யாம் போத்தலுக்குட் பஞ்சுத்திரி இட்டு எரித்த விளக்கொளியிற் படித்தோம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகினோம். பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தவர்களும் உண்டு. அக்காலத்துப் பிள்ளைகளுக்கு மார்கழிப் பரிசு என்று கிடைத்தவை ஓலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையுமே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்கள் கையில் எடுத்துச் சென்றது ஒரு கடகந்தான். அவ்வாண்டு மார்கழி முழுவதும் அக்கடகமே அவர்களுக்கு அலுமாரி. அந்த வறுமையைப் புகழ்தல் என் கருத்தன்று. அது எவருக்கும் மீண்டும் வரலாகாது. ஆயினும், கடைகள் வெறுமையாய்க் கிடந்த காலத்தில் எம்மைத் தாங்கியவை அயற்பெண்களின் கைகள் என்பதை மறத்தல் நன்றியன்று.

காலம் மாறிற்று. இன்று கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் மார்கழி மாலையில் நடக்க இடமில்லை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உறவினர், திரும்பிப் போகும்போது கொண்டுசெல்லப் பயற்றம் பணியாரமும் புழுக்கொடியலும் பனாட்டும் தேடுகின்றனர். பலகாரச் சூட்டுக்கு அயலவரைக் கூட்டும் வீடு குறைந்துவிட்டது. தொலைபேசியிற் சொல்லிவிட்டால் ஒரு பெண் செய்து கொடுத்துவிடுவாள். அவளிற் பலர் போரிற் கணவனை இழந்து, தாச்சி ஒன்றை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றவர்கள். இம்மாற்றத்தை நான் குறை கூறவில்லை. உத்தியோகத்துக்குப் போகும் பெண் ஒருத்திக்குப் பொழுதில்லை. வேறொரு பெண்ணுக்கு வருவாய் வேண்டும். இருவருக்கும் நன்மையே. ஆனால், முன்பு உழைப்புக்கு உழைப்பு கைமாறாக இருந்தது. இப்பொழுது அந்த இடத்திற் பணம் ஒன்றே உண்டு. அதனையும் குறைத்துக் கொடுத்தால் எஞ்சுவது யாது?

திருநெல்வேலிச் சந்தையின் ஓரத்தில் ஒருநாள் காதில் விழுந்த பேச்சு இது. ஓலைப்பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்த முதியவளிடம், நன்றாக உடுத்த ஓர் அம்மையார் கேட்கின்றார்: “ஆச்சி, கடையில பிளாத்திக்குப் பெட்டி இதிலும் மலிவெல்லோ? குறைச்சுத் தாங்கோவன்.” ஆச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கின்றாள்: “எடுங்கோ பிள்ளை. நீங்கள் தாறதைத் தாங்கோ.” அம்மையார் வென்றுவிட்டதாக எண்ணிப் போனார். அவர் கையில் இருந்த பையில், விலை ஒட்டிய கேக் பெட்டி ஒன்று இருந்தது. அந்தக் கடையில் அவர் பேரம் பேசியிருக்கமாட்டார். அச்சிட்ட விலைக்குப் பணிகின்றோம்; வாய்விட்டுச் சொல்லும் விலையை மட்டும் நம்ப மறுக்கின்றோம்.

ஆச்சியின் விலையை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஓலை வெட்டியவரின் கூலி, சாயத்தின் விலை, சந்தைக்கு வந்த பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே அவள் இருந்து இழைத்த பொழுதுக்குரிய ஊதியம். பேரத்தில் நாம் குறைப்பது ஓலை வெட்டியவரின் கூலியையும் அன்று, பேருந்துக் கட்டணத்தையும் அன்று. அவற்றை அவள் முன்னமே கொடுத்துவிட்டாள். குறைவது அவளுடைய பொழுது ஒன்றே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மா, சீனி, எண்ணெய், எரிவாயு எல்லாம் ஏறியபோது, பலகாரம் செய்து விற்போருக்கும் இதே கதிதான். பொருளின் விலை ஏறியதை வாங்குவோர் ஒத்துக்கொண்டனர்; கைக்கூலி ஏற ஒத்துக்கொண்டவர் சிலரே.

இதன் விளைவை ‘கைத்தொழில் அழிகின்றது’ என்று பெருமூச்செறிந்து பேசுவார் பலர். பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவை இருக்கட்டும். பெட்டி இழைக்கும் தாய் தன் மகளுக்கு அதனைப் பழக்காமல் விடுவது ஏன்? மகள் சோம்பேறி என்பதால் அன்று. தாயின் கணக்கை அவள் நன்கு பார்த்திருக்கின்றாள் என்பதால். அரை நாட் கூலிக்கும் ஈடாகாத கலையைத் தன் பிள்ளை மீது சுமத்த எந்தத் தாய் விரும்புவாள்? நம் பிள்ளைகளுக்கு நாம் விரும்பாததை அவள் பிள்ளை செய்து கொண்டிருக்க வேண்டும் என எதிர்பார்த்தல் நீதியாகுமா?

வீட்டினுள்ளும் இக்கணக்கு உண்டு. மூன்று நாள் அடுப்பங்கரையில் வெந்து பலகாரம் சுட்டவளை, விருந்தினர் முன்னிலையில் “அவவுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு” என்று அறிமுகம் செய்யும் ஐயாமார் பலர் உளர். தேங்காய் துருவவும், பயறு கோது நீக்கவும், தாச்சி கழுவவும் ஆண்பிள்ளைகளுக்கும் கை உண்டு. முற்காலத்திற் பத்துப் பெண்கள் பகிர்ந்த வேலை இன்று ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கின்றது. வீட்டுப் பலகாரம் வேண்டும் என்பவர், அந்தப் பத்துப் பேரில் ஒருவராக வந்து அமரட்டும்.

ஆதலின் இம்மார்கழிக்குச் சில எளிய விதிகளைச் சொல்லி முடிக்கின்றேன். பலகாரம் கேட்பவர் பத்து நாளைக்கு முன்னரே கேட்டு, பொருளுக்குரிய பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். இல்லாதவள் கடன்பட்டுச் சீனி வாங்கும்படி விடாதீர்கள். பரிசுக்கு வண்ணத்தாளும் பிளாத்திக்குப் பெட்டியும் வாங்கும் பணத்தில் ஓர் ஓலை மூடுபெட்டி வாங்குங்கள். உள்ளே உலர்ந்த வாழையிலையோ எண்ணெய்த்தாளோ விரித்து, நன்கு ஆறிய பலகாரத்தை அடுக்குங்கள். பலகாரம் தீர்ந்த பின்னும் பெட்டி பல ஆண்டு உழைக்கும். மாரியில் மட்டும் அதனை ஈரத் தரையில் வையாமல், வெயில் எறிக்கும் நாளில் உலர்த்தி எடுங்கள். கொடுக்கும்போது, ‘இன்ன ஊரில் இன்னார் செய்தது’ என்று ஆக்கியவரின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவரைத் தேடி வேறொருவர் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் ஆக்கியவர் சொல்லும் விலையை ஒருமுறையேனும் மறுபேச்சின்றிக் கொடுத்துப் பாருங்கள். பலகாரச் சூட்டுக்கு வந்த அயலவளுக்கு எம் பாட்டிமார் திருப்பிச் செய்த கைமாறு அதுவே. அவர்கள் அதனைக் குறைத்துச் செய்ததில்லை.