பதினாறணாக் கணக்கும் பைட் கணக்கும்



நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு முதல் புரோகிராமாக எதைச் சொல்லித் தரலாம் என்று முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டார். எந்தக் கோப்பையும் திறந்து, அதிலுள்ள பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் சின்னக் கருவியை எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் தாத்தா பாட்டி போட்ட கணக்குதான். 1957-ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அதை அணா என்று வைத்துக்கொள்ளுங்கள். 149 அணாவை 16-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 5. அதாவது 9 ரூபாய் 5 அணா. பதினாறடிமானத்தில் 95. பத்து முதல் பதினைந்து வரை ஒற்றைக் குறியீடு வேண்டும் என்பதால் ஏ முதல் எஃப் வரை எழுதுகிறார்கள். 255 என்றால் 15 ரூபாய் 15 அணா, எஃப்எஃப். வகுத்தல் தெரிந்த பிள்ளை பைத்தானில் பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடும். சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும்.

"இதற்குத்தான் ரெடிமேட் மென்பொருள் இருக்கிறதே" என்பார்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் நாம் வாய்ப்பாடு சொல்லித் தந்தோம் அல்லவா?

பலன் உடனே தெரியும். பிடிஎஃப் கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் உள்ளே 25 50 44 46 என்றுதான் தொடங்கும். பெயரை நம்பாதே, உள்ளே பார் என்ற பாடம் இதைவிட எளிதாக எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, நம் தமிழ். தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்று திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. பைட்டைப் பார்த்தால் புதிர் அவிழும். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட். பழைய எழுத்துருக்களில் பெரும்பாலும் ஒரே பைட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டால் மாற்றிவிடலாம். நம் மலைப் பெரியவர்களின் பாட்டும் கதையும் அப்படி ஏதோ ஒரு பழைய கோப்பில் கிடந்தால், அதை மீட்கப்போவது வெளியூர் கம்பெனியா? நம் பிள்ளைகள்தான்.

பயன்படுத்தக் கற்றுத் தந்தது போதும். திறந்து பார்க்கவும் கற்றுத் தருவோம். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.