பேட்டரி ஓகே, அதை எங்கய்யா வைக்கப் போறீங்க?

"ஆயிரம் மெகாவாட் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி"ன்னு எவனாவது எழுதினா எனக்கு எரிச்சல் வரும் மக்களே. மெகாவாட்ங்கறது குழாயோட அகலம். தொட்டி எவ்வளவு கொள்ளும்னு சொல்றது மெகாவாட்-மணி. டெல்லி கிலோக்ரி துணைமின் நிலையத்துல 2025ல வந்த பேட்டரி 20 மெகாவாட், 40 மெகாவாட்-மணி. அதாவது முழு வேகத்துல ரெண்டு மணி நேரம் தாங்கும். ரெண்டாவது எண்ணைச் சொல்லலைன்னா முதல் எண்ணை வச்சு நாக்கு வழிக்கக்கூட முடியாது.

சரி, அது சின்னக் கடுப்பு. பெரிய கடுப்பு வேற. "பேட்டரி வந்தா கோடைல கரண்ட் போகாது"ங்கறாங்களே, அது.

மே மாசம், ராத்திரி பதினோரு மணி. தெருவுல எல்லா வீட்டுலயும் ஏசி ஓடுது. 100 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர்கிட்ட 130 கேட்கறாங்க. ப்யூஸ் போயிடுது. அந்த நேரத்துல அம்பது கிலோமீட்டர் தள்ளி, 230 கேவி துணைமின் நிலையத்துல ஒரு ராட்சச பேட்டரி வயிறு முட்ட இருந்து என்ன புண்ணியம்? அந்தக் கரண்டும் இதே ட்ரான்ஸ்பார்மர் வழியாத்தானே வரணும்? இங்க பஞ்சம் மின்சாரத்துக்கு இல்லை, பாதைக்கு.

அடைப்புக்கு இந்தப் பக்கம் பேட்டரி இருந்தாத்தான் பிரயோஜனம். தோராயமா 30 கிலோவாட், ரெண்டு மணி நேரம்னா 60 யூனிட். கொஞ்சம் கூடுதலா வச்சாலும் ஒரு சின்ன ரூமுக்குள்ள அடங்கிடும். கற்பனை இல்லீங்க. டெல்லி ராணி பாக்ல 2021ல 150 கிலோவாட், 528 யூனிட்டுக்கு ஒண்ணு வச்சாங்க. இங்கிலாந்துல லெய்ட்டன் பஸர்ட்னு ஒரு ஊர். குளிர்காலத்துல சில நாள் மட்டும் இருக்கற ரெண்டு லைன் பத்தலை. மூணாவது லைனும் இன்னொரு ட்ரான்ஸ்பார்மரும் போடறதுக்குப் பதிலா 2014ல 6 மெகாவாட், 10 மெகாவாட்-மணி பேட்டரி வச்சாங்க.

"ட்ரான்ஸ்பார்மரையே பெருசா மாத்திட்டா முடிஞ்சுதே?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி, பல இடத்துல அதுதான் பதிலும். ஓவர்லோடு ஆறு மணி நேரம் நீடிச்சா பேட்டரி பாதியிலயே காலி. வருஷத்துல நாப்பது ராத்திரி, ரெண்டு ரெண்டு மணி நேரம் மட்டும்னா பேட்டரி யோசிக்கலாம். மத்த நாள்ல மொட்டை மாடி சோலாரோட மதிய உபரியை அது வாங்கி வச்சுக்கும். ஆனா எது எந்தத் தெருன்னு முடிவு பண்ண, அந்த ட்ரான்ஸ்பார்மரோட கால்மணிக்கு ஒரு கணக்கு வேணுமே? மீட்டரே இல்லாத ட்ரான்ஸ்பார்மர்ல கணக்கை எங்க போய்த் தேட? ப்ரொஃபைலர் ஓட்டாம "இன்னும் நாலு சர்வர் வாங்குப்பா"ன்னு சொல்ற மேனேஜர்தான் ஞாபகத்துக்கு வர்றார்.

பெரிய பேட்டரியே வேண்டாம்னு சொல்லலை. சாயங்காலம் சோலார் படுத்ததும் அதிக விலைக்குக் கரண்ட் வாங்கறதைக் குறைக்கும். புது சோலார் டெண்டர்கள்ல குறைஞ்சது 10 சதவீத அளவுக்கு ரெண்டு மணி நேரச் சேமிப்பு வைங்கன்னு மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில அறிவுறுத்தினது அதுக்குத்தான். அதை அதுக்குன்னே சொல்லுங்க. என் தெரு ப்யூஸுக்கு மருந்துன்னு விக்காதீங்க.

டிஸ்கி: உங்க தெரு ட்ரான்ஸ்பார்மர்ல எத்தனை கேவிஏன்னு எழுதியிருக்கும். தூரமா நின்னு பார்த்துட்டு, அதை நம்பி எத்தனை ஏசி ஓடுதுன்னும் எண்ணிப் பின்னூட்டத்துல போடுங்க.