மணவாளக்குறிச்சி மணலும் ஸ்லோவேகியக் கல்லும்

ஐரோப்பாவில் ஸ்லோவேகியா என்றொரு சிறு நாடு. அங்குள்ள மலைப்பாறையில் கண்ட ஒரு துணுக்கைப் புதிய கனிமம் என்று 2022-ல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் ஒப்புக்கொண்டது. 'மோனசைட்-காடோலினியம்' என்று பெயர். இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மோனசைட் என்றதும் குமரி மாவட்டத்து நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைப்பதும் அதே இனந்தான்.

அதன் உள்ளமைப்பைச் சொல்ல, ரயில்வேக்காரனான எனக்கு ரயில் பெட்டிதான் தோன்றுகிறது. ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள்; இவைதான் பெட்டியின் சட்டம். சட்டத்துக்குள் அருமண் அணுக்களுக்கான பெர்த்துகள். ஒவ்வொரு பெர்த்தையும் ஒன்பது ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்து நிற்கின்றன. எல்லாப் பெட்டியும் ஒரே அச்சு. எந்தப் பயணி அதிகமோ, அவர் பெயரே பெட்டிக்கு. நம் மணலில் சீரியம் அதிகம். வழக்கமாக ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போகும் காடோலினியம் ஸ்லோவேகியாவில் முதலிடம் பிடித்துவிட்டது. அவ்வளவுதான் புதுமை.

ஆனால் இந்தப் பெட்டியில் இன்னொரு பயணியும் உண்டு: தோரியம். கதிரியக்கம் உள்ளது. நம் நாட்டு மோனசைட்டில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு தோரியம் ஆக்சைடு. அதே பெர்த்தில் அமர்ந்திருப்பதால் சலித்தோ, காந்தம் வைத்தோ அதை மட்டும் இறக்கிவிட முடியாது. காஸ்டிக் சோடாவில் சூடாக்கிப் பெட்டியையே உடைக்க வேண்டும். கேரளத்து ஆல்வாய் ஆலையில் 1952 முதல் செய்த வேலை இதுதான்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது முதல் எல்லோர் வாயிலும் இதே பேச்சு. மின்சாரக் கார் மோட்டாருக்குக் காந்தம் வேண்டும், காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும், அது நம் மணலில் இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்க்கும் மீனவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று பேசுவது அநியாயம். அவர்கள் கேட்பது அந்தத் தோரியத்தைப் பற்றித்தான். மும்பையில் பிழைக்கும் நம்மில் சிலருக்குத் தாய் தந்தையர் இருப்பதும் அந்தக் கரையில்தான்.

மணலை எடுத்தால் கதிரியக்கம் குறையும் என்கிறார்கள் அதிகாரிகள். இருக்கலாம். அப்படியானால் அளந்து காட்டுவதில் என்ன தயக்கம்? தோண்டுமுன் எவ்வளவு, தோண்டியபின் எவ்வளவு என்று ஊர் ஊராக அளந்து, தமிழில் அச்சடித்து, மாதந்தோறும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பதையே நாங்கள் பலகையில் போடுகிறோம்.