பக்கவாத்தியத்துக்கு ஏன் பங்கு இல்லை?

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூயார்க்கின் முப்பதாவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்றை அது 2019-ல் எட்டியது. அதன் முதல் உருப்படியான ‘ஸோ வாட்’டின் மெட்டை எடுத்துச் சொல்வது பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ். பாஸ் ஒரு வரி கேட்க, மற்ற வாத்தியங்கள் சேர்ந்து இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். அந்தத் தட்டுக்காக சேம்பர்ஸ் பெற்றது தொழிற்சங்கம் நிர்ணயித்த பதிவுக் கூலி. 1969-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 33. விற்பனையில் பக்கவாத்தியக்காரருக்குப் பங்கு வைக்கும் வழக்கம் அன்று இல்லை. பெரும்பாலும் இன்றும் இல்லை.

ஜாஸ் இசையில் யாரோடும் சேர்ந்து வாசிக்கத் தெரிந்திருப்பதுதான் பாஸ்காரரின் பெருமை. அந்தத் திறமையே அவரை எதற்கும் உரிமையாளர் ஆகாதவராக வைத்திருக்கிறது. இதைக் கலைஞர் ஒவ்வொருவரின் சாமர்த்தியத்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டபுள் பாஸ் ஆள் உயரத்தையும் தாண்டியது. வீணைக்கு இருப்பதுபோல் அதன் கழுத்தில் மெட்டு வரிசை கிடையாது. சுருதி சுத்தம் முழுக்கக் காதையும் இடது கையின் பழக்கத்தையும் நம்பியது. வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால் தடித்த கம்பியை இழுத்துவிட வேண்டும். நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில் அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருப்பதை ‘வாக்கிங் பாஸ்’ என்பார்கள். டி மைனர், ஜி செவன்த், சி மேஜர் என்று மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) அடுத்தடுத்து வருவதாக வைத்துக்கொள்வோம். பாஸ்காரர் டி, எஃப், ஏ என்று ஏறிவிட்டு நான்காவது அடியில் ஏ ஃபிளாட்டைத் தொடுவார். டி மைனர் கார்டில் அந்தச் சுரத்துக்கு இடமில்லை. ஆனால் அடுத்து வரவேண்டிய ஜி-க்கு அது அரைச் சுரம் மேலே நிற்கிறது. கேட்பவரின் காது ஜி-க்காக ஏங்கத் தொடங்கிவிடும். அதேபோல் ஜி, பி, டி, டி ஃபிளாட் வாசித்து சி-யில் இறங்குவார். நிமிடத்துக்கு 250 அடி வேகத்தில் பத்து நிமிடம் ஓடும் ஒரு பாட்டில் இப்படி 2,500 சுரங்கள். எதுவும் எழுதி வைத்ததில்லை. பியானோக்காரர் திடீரென்று ஒரு கார்டை மாற்றினாலோ, சாக்ஸபோன்காரர் இடம் தவறிப்போனாலோ, கூட்டத்தைத் திரும்பத் தடத்தில் ஏற்றுவது பாஸின் பொறுப்பு.

இதற்கான சாதகம் வெளியே தெரியாது. வில்லைப் போட்டு நீண்ட சுரங்களை இழுப்பது, மெட்ரோனோமை இரண்டாம் நான்காம் அடிகளில் மட்டும் தட்டவிட்டு மெதுவாக நடப்பது, பாடகி எந்தச் சுருதியில் எடுத்தாலும் தடுமாறாதபடி ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் உருப்போடுவது. ஒரு ஃப்ரீலான்ஸ் பாஸ்காரர் இன்று ஹோட்டலில் மூவர் குழுவிலும், நாளை திருமண வரவேற்பிலும், மறுநாள் பிராட்வே அரங்கில் மேடைக்கு முன்னுள்ள வாத்தியக் குழியில் வேறொருவருக்குப் பதிலாகவும் உட்கார நேரும். பல நேரம் ஒத்திகையே இருக்காது.

ஃப்ரீலான்ஸாக இருந்தே உயர்ந்தவர்களுக்கு உதாரணமாக மில்ட் ஹிண்டனையும் ரான் கார்ட்டரையும் சொல்வார்கள். ஹிண்டன் 1936 முதல் 1951 வரை கேப் காலவேயின் பெரிய குழுவில் இருந்தார். பிறகு கறுப்பர்களுக்குக் கதவு சாத்தியிருந்த நியூயார்க் ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்து, பில்லி ஹாலிடேயிலிருந்து அரீதா ஃபிராங்ளின் வரை எத்தனையோ பேருக்கு வாசித்தார். வரவுசெலவைக் கவனித்துக்கொண்டவர் மனைவி மோனா. கார்ட்டர் செவ்வியல் இசை படித்தவர். கறுப்பர் என்பதால் சிம்ஃபனி வாசல் அவருக்கு அடைபட்டது. 2015 வரையிலான 2,221 பதிவுகளோடு அவர் கின்னஸில் இடம்பெற்றார். இருவரும் மேதைகள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எழுந்த காலத்தில் அந்த நகரில் விளம்பர இசை, தொலைக்காட்சி இசைக்குழு, பதிவுக் கம்பெனி எல்லாம் அன்றாடம் ஆள் தேடிக்கொண்டிருந்தன. சிந்தசைசரும் வீட்டு ஸ்டுடியோவும் வந்த பின் அந்த வேலையில் பெரும்பகுதி வற்றிவிட்டது. ஏணியை எடுத்துவிட்டு, ஏறியவர்களைக் காட்டிப் பேசுவது நியாயமாகாது.

பாஸ்காரருக்கு மாதத்தில் எத்தனை ராத்திரி வேலை என்பதைச் சட்டமும் தீர்மானித்திருக்கிறது. நியூயார்க்கில் காபரே உரிமம் இல்லாத உணவகத்தில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. டிரம்ஸும் ஊதுகருவிகளும் கூடவே கூடாது. பியானோவும் தந்தி வாத்தியமும் மட்டும் போகலாம். 1980-களின் பிற்பாதியில் நீதிமன்றம் நீக்கும்வரை இதுதான் விதி. ‘பிராட்லீஸ்’ போன்ற சிறிய கிளப்புகளில் பியானோவும் பாஸும் மட்டுமான கச்சேரி செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அநியாயமான விதி அது. எத்தனையோ டிரம்ஸ்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது. திறமை ஒன்றாலேயே கலைஞர் பிழைத்துக்கொள்வார் என்று சொல்வோருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்றைய கணக்குக்கு வருவோம். பிராட்வே குழியில் வாசித்தால் சங்க ஒப்பந்தப்படி ஓய்வூதிய நிதிக்கும் மருத்துவ நிதிக்கும் முதலாளி பணம் கட்டுகிறார். அதே பாஸ்காரர் அதே வாரம் ஜாஸ் கிளப்பில் வாசித்தால் கையில் வரும் சம்பளத்தோடு சரி. 2000-களின் பிற்பாதியில் நியூயார்க் மாநிலம் கிளப்புகளின் நுழைவுக் கட்டணத்துக்கு விற்பனை வரி விலக்கு அளித்தது. மிச்சமாகும் பணம் ஓய்வூதியத்துக்குப் போகும் என்று நம்பித்தான் இசைக்கலைஞர்களின் சங்கமான ‘லோக்கல் 802’ அந்த விலக்கை ஆதரித்தது. நிபந்தனை சட்டத்தில் ஏறவில்லை. விலக்கு கிளப்புகளுக்குக் கிடைத்தது. ஓய்வூதியம் கலைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. நோய் வந்தால் 1989-ல் தொடங்கிய ‘ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா’ போன்ற அறக்கட்டளைகள் ஓடி வருகின்றன. அவர்களின் தொண்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் முதுமையில் தர்மத்தை எதிர்பார்த்திருக்கும் ஏற்பாட்டை ஏற்பாடு என்றே சொல்லக் கூடாது.

பதிவிலிருந்து வரும் பணத்தின் கதையும் இதுவே. அமெரிக்காவில் இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் கட்டும் நூறு டாலரில் 50 பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு. மீதி ஐந்தில் பாதி பின்னணிப் பாடகர்களுக்குப் போக, எல்லா வாத்தியக்காரர்களுக்கும் சேர்த்து இரண்டரை டாலர். சாதாரண எஃப்எம் வானொலி அதுகூடத் தர வேண்டியதில்லை. சென்னையில் கால்ஷீட் கணக்கில் திரையிசைக்கு வாசித்தவர்களுக்கு இது கேட்ட கதையாகவே இருக்கும். நம் நாட்டில் 2012-ன் பதிப்புரிமைத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியை உறுதிசெய்தது. ஆனால் பக்கவாத்தியக்காரருக்கு நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் அதே ஒருமுறைக் கூலிதான்.

வேறு வழி இல்லையா என்றால், பிரான்ஸ் காட்டுகிறது. அங்கே 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும் மேடைக் கலைஞருக்கு, கச்சேரி இல்லாத நாள்களில் வேலையின்மைக் காப்பீடு பணம் தருகிறது. ஒரு கச்சேரிச் சம்பளத்துக்கு 12 மணி நேரம் என்று கணக்கு. ஆண்டுக்கு 43 கச்சேரி இருந்தால் போதும். கச்சேரிக்கு இடைப்பட்ட நாள்களில்தான் சாதகமும் புதிய இசையும் நடக்கின்றன என்பதை அந்த நாடு சட்டமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003-ல் விதிகளை இறுக்க முயன்றபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, புகழ்பெற்ற அவிஞ்ஞோன் நாடக விழாவே ரத்தானது. அரசும் காப்பீட்டு அமைப்பும் செலவைக் காட்டி அடிக்கடி முணுமுணுத்தாலும் ஏற்பாடு நிற்கிறது.

கலைஞர்களின் ஓய்வூதியச் செலவைச் சிறிய கிளப்புகளால் தாங்க முடியாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அறுபது நாற்காலி போட்ட இடத்தில் வாடகை போக மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் சுமையை நுழைவுச் சீட்டின் மேல் வைக்கச் சொல்கிறேன்: சீட்டுக்கு ஒரு டாலர், அன்று மேடையில் இருந்த ஒவ்வொருவர் பெயரிலும் சமமாக, கிளப் மாறினாலும் அவரோடு போகும் ஓய்வூதியக் கணக்கில் சேர வேண்டும். தலைமைக் கலைஞருக்கும் பாஸ்காரருக்கும் அதில் ஒரே பங்கு. வரி விலக்கு வேண்டும் கிளப் இந்தக் கணக்கைக் காட்டியாக வேண்டும் என்ற ஒற்றை வரியை நியூயார்க் சட்டமன்றம் இப்போதாவது அந்தச் சட்டத்தில் சேர்க்கலாம்.