249 கிராம்தானே மாமா!

ஜூன் பள்ளி விடுமுறைக்கு பாரிஸ், டஸ்கனி, மியூனிக் என்று குடும்பத்தோடு கிளம்பவிருக்கும் அக்கா மகன், சென்ற வாரம் புது டிரோனைக் காட்ட வீட்டுக்கு வந்தான். “அங்கே இதற்கு அனுமதி வேண்டாமா?” என்று கேட்டேன். “249 கிராம்தானே மாமா! பதிவெல்லாம் தேவையில்லை” என்றான்.

சிங்கப்பூரில் அவன் சொல்வது சரி. இங்கு 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைத்தான் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் எடையோடு கேமராவையும் பார்க்கிறார்கள். விளையாட்டுப் பொருளாக விற்கப்படுபவை தவிர, கேமரா உள்ள டிரோன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை இயக்குபவர் பதிந்துகொள்ள வேண்டும். பிறரை அவர்களுக்குத் தெரியாமலே அது படம் எடுத்துவிடலாம் என்பதே காரணம்.

நல்ல செய்தி, ஒரு முறை பதிந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவான விதிகள் 2020 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளன. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் அவற்றையே பின்பற்றுகின்றன. நம்மைப் போல வெளியிலிருந்து செல்வோர், எந்த நாட்டில் முதலில் பறக்கவிடப் போகிறார்களோ அங்கே பதிய வேண்டும். கிடைக்கும் எண்ணை டிரோன்மீது ஒட்டிவிட்டால் மற்ற நாடுகளிலும் அது செல்லும். பிரிட்டன் இதில் சேராது. அங்கு தனிப் பதிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரோன் 250 கிராமை எட்டினால் இணையத் தேர்வும் உண்டு: 40 கேள்விகள், தேர்ச்சிக்கு 75 விழுக்காடு.

எந்த டிரோனாக இருந்தாலும் 120 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்க வேண்டும். மக்கள் கூட்டத்தின்மேல் பறக்கவே கூடாது.

ஆனால் பதிவு எண் இருந்தால் எங்கும் பறக்கவிடலாம் என்று பொருளல்ல. தடைப் பகுதிகளை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வகுத்துள்ளது. பிரான்சில் நகரங்களின் பொது இடங்களுக்குமேல் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட முடியாது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும், பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் காப்புறுதி கட்டாயம். நம் பயணக் காப்புறுதியில் டிரோனும் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அக்கா மகன் அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் அந்தந்த நாட்டு வரைபடங்களைப் பார்த்தான். ஐஃபில் கோபுரப் படக் கனவு கலைந்தது. பாரிஸில் பறக்கவிட முடியாது என்றால் அவனுக்கு முதல் நாடு பிரான்ஸ் அல்ல, இத்தாலி. அவசரப்பட்டுப் பதிந்திருந்தால் தவறான நாட்டில் பதிந்திருப்பான்.

எனவே முதலில் வரைபடம், பிறகு பதிவு, அதன்பின் காப்புறுதி. கடைசியாக ஒன்று: உபரி மின்கலங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அவை உங்களோடு கைப்பையில்தான் விமானம் ஏற வேண்டும்.