முகப்பு மட்டும் மிச்சம்!

முகப்பைத்தான் காத்துவிட்டோமே, பிறகென்ன குறை என்று கேட்கும் மேதாவிகள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாநகரிலும் உண்டு. அங்கே பீட்டர் தெருவில் நிற்கிறது ஒரு மண்டபம். 'ஃப்ரீ டிரேட் ஹால்' என்று பெயர்; தடையிலா வாணிப மண்டபம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1997ஆம் ஆண்டில் அந்நகரத்து மன்றம் அதனைத் தனியாருக்கு விற்றது. கூட்டம் கூடிய கூடத்தை இடித்தார்கள். கல் முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். பின்னால் உயர்ந்த கட்டடம் எழுந்தது. 2004இல் அது ஆடம்பர விடுதியாகத் திறக்கப்பட்டது. முகம் இருக்கிறது, நாவில்லை! இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

நாவில்லை என்று ஏன் சொல்கிறேன்? அந்த மண்டபம் எழுந்த மண் எத்தகைய மண் என்பதைக் கேளுங்கள், தோழர்களே!

1819, ஆகஸ்ட் 16. புனித பீட்டர் திடல். சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து கொடி பிடித்து, அணியணியாக வந்தனர் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும். பெண்கள் பலர் வெள்ளாடை உடுத்தி வந்தனர். ஏறத்தாழ 60,000 பேர்! கையில் கருவியில்லை. கேட்டது வாக்குரிமை. நாட்டின் துணித் தேவையை நிறைவு செய்த அந்த மாநகருக்கு அன்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை! ஹென்றி ஹண்ட் மேடையேறினார். அவரைப் பிடியுங்கள் என்று ஆணையிட்டனர், அருகிலிருந்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நீதிபதிகள். குதிரைப்படை கூட்டத்துக்குள் பாய்ந்தது. வாள் வீசியவர் யார்? அயல்நாட்டு எதிரியா? உள்ளூர் முதலாளிகளும் கடைக்காரர்களும் சேர்ந்த தொண்டர் படை! பின்னால் வந்தது அரசின் படை. குறைந்தது 15 பேர் மாண்டனர். 600க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தாயின் கையிலிருந்து விழுந்து குதிரைக் குளம்படியில் சிக்கி மாண்ட வில்லியம் ஃபில்டசுக்கு வயது இரண்டு. படையை ஏவிய நீதிபதிகளுக்கு அரண்மனையிலிருந்து பாராட்டு! பேச வந்த ஹண்டுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை! நான்கு ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற படையின் வீரத்தைக் கேலி செய்து, இதற்குப் 'பீட்டர்லூ' என்று பெயரிட்டனர் மக்கள்.

அந்த மண்ணில்தான் மண்டபம் எழுந்தது. 1815இல் நிலப்பிரபுக்கள் கொண்டுவந்த தானியச் சட்டம் அயல்நாட்டுக் கோதுமையைத் தடுத்து, ஏழையின் ரொட்டியை எட்டாக் கனியாக்கியது. அதை எதிர்த்த இயக்கத்துக்கு மான்செஸ்டரே பாசறை. தலைவர் ரிச்சர்டு காப்டன் நிலத்தைத் தந்தார். 1840இல் மரக் கொட்டகை. 1842இல் செங்கல் கட்டடம். சட்டம் 1846இல் ஒழிந்தது. வெற்றியின் நினைவாக 1853 முதல் 1856க்குள் கல் மண்டபம். நிதி, பொதுமக்கள் தந்த நன்கொடை. வடித்தவர் எட்வர்டு வால்ட்டர்ஸ். இத்தாலிய மாளிகையின் சாயல். கீழே ஒன்பது வளைவுகளின் வரிசை. அவற்றின் இடுக்குகளில் போராட்டத்தில் பங்கேற்ற ஊர்களின் சின்னங்கள். மேலே வளைவுகளுக்குள் கண்டங்களும் கலைகளும் தொழில்களும் மனித வடிவில் அமர்ந்திருக்க, நடுநாயகமாக வீற்றிருக்கிறாள் தடையிலா வாணிப நங்கை! இங்கிலாந்தில் அரசர் பெயரும் புனிதர் பெயரும் தாங்கிய கட்டடங்கள் ஏராளம். இதுவோ ஒரு கொள்கையின் பெயரைத் தாங்கியது.

அந்தக் கொள்கை தூயதா என்றால், இல்லை. அந்த நங்கையின் முகத்தில் நம் நாட்டு நெசவாளன் சிரிப்பைக் காணவில்லை. இந்திய அச்சுத் துணியை உடுத்தவே கூடாது என்று 1721இல் சட்டமிட்ட நாடு அது. தன் ஆலை வளர்ந்த பிறகு தடையிலா வாணிபம் பேசிற்று. லங்காஷயர் ஆலைமுதலாளிகளின் நெருக்குதலால் 1896இல் இந்திய ஆலைத் துணிமீது 3½ விழுக்காடு உள்நாட்டு வரி விழுந்தது. பண்டத்துக்கு விடுதலை கேட்ட ஜான் பிரைட், தொழிலாளியின் வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்தார். முதலாளியின் கொள்கை முதலாளிக்கே விளக்கேற்றும்!

ஆனால் மண்டபத்தைக் கட்டியவன் நினைத்தது ஒன்று. அதில் நுழைந்தவன் செய்தது வேறொன்று. 1862, டிசம்பர் 31. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரவில்லை. ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. அடுப்பில் பூனை உறங்குகிறது. லிங்கனின் முற்றுகையை உடைத்தால் பஞ்சு வரும், கஞ்சி கிடைக்கும். அந்த நிலையில் இந்த மண்டபத்தில் கூடிய தொழிலாளர், அடிமைத்தளையை அறுக்கும் லிங்கன் பக்கமே நாங்கள் என்று தீர்மானித்தனர்! பசித்த வயிறு எடுத்த தீர்மானம். 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு எழுதிய மறுமொழி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

1905, அக்டோபர் 13. அதே கூடம், லிபரல் கட்சிக் கூட்டம், மேடையில் எட்வர்டு கிரே. பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று எழுந்து கேட்டனர், கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் ஆனி கென்னியும். ஆனி, பத்து வயதிலேயே பஞ்சாலைக்குள் அனுப்பப்பட்ட பெண்! விடை வரவில்லை; இழுத்து வெளியேற்றினார்கள். தெருவில் நின்று பேசினர், கைது. அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்தனர்.

(நாடகக்காரன் என்ற உரிமையில் ஒரு செய்தி: நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1857இல் வேடமிட்டு நடித்ததும் இங்கேதான்.)

1940 டிசம்பரில் இட்லரின் குண்டுகள் விழுந்தன, வெளிச்சுவர்களே மிஞ்சின. நாடு கடனில் மூழ்கிய காலம். போர் முடிந்த பின்னரும் 1954 வரை இறைச்சிக்குப் பங்கீடு. அந்த வறுமையில், 1951இல், கூடத்தை மீண்டும் எழுப்பித் திறந்தனர்! வறுமையில் கட்டியதை வளமையில் விற்றார்கள். இட்லரின் குண்டும் முகப்பை விட்டுவைத்தது. ஏலக்காரரின் பேனாவும் முகப்பை விட்டுவைத்தது. பின்னதற்கு மட்டும் பாராட்டாம்!

இசைக்குழுவுக்குத்தான் 1996இலேயே பிரிட்ஜ்வாட்டர் அரங்கு கிடைத்துவிட்டதே என்பர். கிடைத்தது, நல்ல அரங்குதான். ஆனால் வயலினுக்கு இடம் தேடியவர்கள், ஆனி கென்னியின் கேள்விக்கு எங்கே இடம் தேடினார்கள்? கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன் நான். ஓர் ஊரில் பொதுமண்டபம் கேட்டபோது, அன்று திருமணம் என்றார்கள். திருமணமும் இல்லை, ஒன்றுமில்லை, பூட்டுத்தான் தொங்கியது. அன்று தெருமுனையில் நின்று பேசினேன். ஆகவே, பூட்டிய கதவின் பொருள் எனக்குத் தெரியும்.

விடுதியாகிவிட்ட அந்தச் சுவரில் ஒரு பலகை. முன்பு நீல நிறத்தில் இருந்தது. அதில் மக்கள் படையால் 'கலைக்கப்பட்டனர்' என்றிருந்தது. கலைக்கப்பட்டனராம், காக்கைக் கூட்டத்தைக் கலைப்பதுபோல! நகரத்து மக்கள் விடவில்லை, இயக்கம் நடத்தினார்கள். 2007இல் சிவப்புப் பலகை வந்தது. அமைதியாகக் கூடிய மக்களை ஆயுதம் தாங்கிய குதிரைப்படை தாக்கியது என்றும், 15 பேர் மாண்டனர் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். பெட்டி தூக்கி வரும் விருந்தினர் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள்.