தோட்டத்து வைரத்தைக் காட்ட வெளியூர் ஆளுக்கு மூன்று லட்சமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் எச்.ஆர். அதிகாரி. பேரைச் சொல்லமாட்டேன். "எழுதிக்கோங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்று அவனே அனுமதி கொடுத்துவிட்டான்.

"டீச்சர், எங்க கம்பெனி ஆண்டு விழா வருது. சிறப்புரைக்கு ஒரு நல்ல மோட்டிவேஷன் பேச்சாளர் வேணும். முதலாளி மூணு லட்சம் ஒதுக்கியிருக்காரு. மூணு பேரோட வீடியோ அனுப்பறேன், யாரு நல்லாப் பேசறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க."

மூன்று வீடியோவையும் முழுசாகப் பார்த்தேன். மூன்று பேரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். குரல் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, கடைசியில் அம்மாவைப் பற்றிச் சொல்லி அழவும் வைக்கிறார்கள். ஆனால் மூன்று பேச்சிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. வங்கி ஊழியருக்கும் அதே பேச்சு, இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கும் அதே பேச்சு. நாளைக்கு பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் அடிக்கிறவருக்கும் அதேதான்.

அவனைத் திரும்ப அழைத்தேன். "கண்ணு, எதுக்காக இந்தப் பேச்சு? கம்பெனியில என்ன பிரச்சினை?"

"ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க டீச்சர். திங்கக்கிழமை ஆனா பாதி வரிசை காலி. 'எண்ணம் மாறினால் உற்பத்தி மாறும்'னு தலைப்பு கொடுத்திருக்கோம்."

"திங்கக்கிழமை ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைக்கிறார்களாம். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மணி பத்தாகிவிடும். துணி துவைக்க வேண்டும், பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதற்கெல்லாம் அவர்களுக்கு மிஞ்சுவது திங்கக்கிழமைதான்.

இதில் எண்ணம் எங்கே வந்தது? மாற வேண்டியது எண்ணமா, ஞாயிற்றுக்கிழமையா?

இன்னொன்றும் கேட்டேன். "அறுநூறு பேருல தமிழ் தெரிஞ்சவங்க எத்தனை பேரு?" பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருப்பார்கள் என்றான். ஆக, இருநூறு பேருக்குப் புரியாத மொழியில் ஒரு மணி நேரம் அடுக்குமொழி பேசி அவர்கள் எண்ணத்தை மாற்றப்போகிறோம். பக்கத்தில் இருப்பவர் கைதட்டினால் அவர்களும் தட்டுவார்கள். வீடியோவில் நன்றாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழில் புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1868-லேயே ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர், பேச்சாளர்களை ஊர் ஊராக ஏற்பாடு செய்து கொடுக்கும் நிறுவனம் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்துப் பேச்சாளர்களில் ரஸ்ஸல் கான்வெல் என்று ஒரு பாதிரியார் உண்டு. ஒரே பேச்சை ஆறாயிரம் தடவைக்கு மேல் பேசியவர். கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு விவசாயி வைரம் தேடி நிலத்தை விற்றுவிட்டு ஊர் ஊராக அலைந்து கடைசியில் செத்துப்போகிறான். அவன் விற்ற அந்த நிலத்திலேயே வைரச் சுரங்கம் கிடைக்கிறது. இன்றைக்கும் நம் மேடைகளில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவன் அனுப்பிய மூன்று வீடியோவில் ஒன்றிலும் இருந்தது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைரம் உன் தோட்டத்திலேயே இருக்கிறது என்று நமக்குச் சொல்ல, தோட்டத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத ஆளை மூன்று லட்சம் கொடுத்து வெளியூரிலிருந்து கூப்பிடுகிறோம். அந்தக் கதையை உண்மையிலேயே நம்புகிறவர் அந்த ஆளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

கான்வெல்லைக் குறை சொல்லவில்லை. பகலில் வேலை செய்த இளைஞர்களுக்கு 1884-ல் ராத்திரி நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் அவர். ஃபிலடெல்பியாவில் இன்றைக்கு இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பேசிக் கிடைத்த பணத்தை ஏழை மாணவர்கள் படிப்புக்குக் கொடுத்தார். நாம் அவருடைய கதையை எடுத்துக்கொண்டோம், ராத்திரிப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டோம்.

என் தம்பி மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். இதைச் சொன்னதும் சண்டைக்கு வந்தான். "அத்தை, மூணு லட்சத்தை அறுநூறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஐநூறு ரூபா. சாயங்காலத்துக்குள்ள செலவாயிடும். நல்ல பேச்சு கேட்டா மனசுல நிக்கும்ல? அவங்களுக்கும் வருசத்துல ஒரு நாள் சந்தோஷம் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. சந்தோஷம் வேண்டும். பாட்டுக் கச்சேரி வையுங்கள், பட்டிமன்றம் வையுங்கள், கறி விருந்து போடுங்கள், நானும் வந்து சாப்பிடுகிறேன். அதையெல்லாம் சந்தோஷம் என்று சொல்லித்தானே கொடுக்கிறீர்கள்? மோட்டிவேஷன் பேச்சு அப்படி வருவதில்லை. உற்பத்தி குறைந்ததற்குக் காரணம் உன் மனசு என்று தொழிலாளியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு பூமாலையும் போடுகிறது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

பேச்சாளருக்குப் பணம் கொடுப்பதும் தப்பில்லை. சொல்லப்போனால் நம் ஊரில் நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. தமிழாசிரியர்களையும் உள்ளூர்ப் பேச்சாளர்களையும் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் காக்கவைத்து, ஒரு சால்வையும் நினைவுப் பரிசும் கொடுத்து பஸ் ஏற்றிவிடுகிறோம். பெட்ரோல் காசுகூடக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். உள்ளூர் ஆளுக்குச் சால்வை, டிவியில் வருகிறவருக்கு லட்சம். பேச்சின் தரத்தைப் பார்த்தா கொடுக்கிறோம்? முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம்.

இவ்வளவு ஆவேசம் ஏன் என்று கேட்பீர்கள். இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாங்கள் ஆசிரியர்கள் கைக்காசு போட்டு ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்தோம். கூப்பிடலாம் என்று முதலில் சொன்னவளே நான்தான். நன்றாகப் பேசினார். நடுவில், "வீட்டுப்பாடம் முடிக்காம வர்றவங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் என் வகுப்புப் பெண் ஒருத்தி. "தூக்கம்மா உங்க ஃபிரண்டா?" என்று அவளைக் கேட்டார். பந்தலே சிரித்தது.

அந்தப் பிள்ளை தினமும் ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டும். கம்பெனியிலிருந்து மூட்டையாக வீட்டுக்கு வரும், காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மேடை மரியாதை என்று கைதட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாவதோடு அவள் நின்றுவிட்டாள். அந்தப் பேச்சால்தான் நின்றாள் என்று சொன்னால் பொய். வீட்டு நிலைமைதான் காரணம். ஆனால் பள்ளிக்கூடம் அவளுக்குக் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது "நீ சோம்பேறி" என்பதாக இருந்துவிடக்கூடாதே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் அந்த மாணவனுக்கும், அவனைப் போலக் கம்பெனியில் பொறுப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். பேச்சாளரைக் கூப்பிடாதே என்று சொல்லவில்லை. கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்.

முதலில் உன் ஆட்களைக் கேள். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கால் மணி நேரம் உட்கார். "எதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்?" என்று கேள். கம்பெனி மாறியபோது பழைய பி.எஃப். பணம் என்ன ஆனது என்று தெரியாதவர் இருப்பார். இ.எஸ்.ஐ. கார்டு வைத்துக்கொண்டே தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டுகிறவர் இருப்பார். நாள் முழுக்கக் குனிந்து தைத்து இடுப்பு வலியோடு இருப்பவர் இருப்பார். பி.எஃப். விவரம் தெரிந்த ஒருவரோ, ஒரு நல்ல டாக்டரோ, பெண்களுக்கு 2013-ம் வருடத்துப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரியும்படி சொல்லும் ஒரு வக்கீலம்மாவோ வந்து பேசினால் அவர்கள் வாயைத் திறந்து கேட்பார்கள். இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்து.

இரண்டாவது, யாரைக் கூப்பிட்டாலும் முந்தின நாளே வரச் சொல். இரண்டு மணி நேரம் உள்ளே சுற்றிப் பார்க்கட்டும், நாலு பேரிடம் பேசட்டும். "எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை" என்று சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வேண்டாம். வருகிறவருக்குப் பேசிய பணத்தைப் பேரம் பேசாமல், இழுத்தடிக்காமல் கொடு.

மூன்றாவது, அதே மேடையில் உங்கள் ஆள் ஒருவர் பத்து நிமிஷம் பேசட்டும். இருபது வருடம் மிஷினில் உட்கார்ந்தவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காதா? எழுதிக் கொடுக்காதே. அவர் பேச்சிலேயே பேசட்டும். நீ தேடுகிற தோட்டத்து வைரம் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக, முதலாளி பேசும்போது ஒரு முடிவைச் சொல்லட்டும். ஷிப்மென்ட் இருந்தாலும் மாதத்தில் இத்தனை ஞாயிறு கட்டாய விடுமுறை என்று அறிவிக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளம் சாயங்காலமே கைக்கு வரும் என்று சொல்லட்டும். அந்த ஒரு வரிக்கு வருகிற கைதட்டலை மூன்று லட்ச ரூபாய்ப் பேச்சாளர் வாங்கமுடியாது.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அவன் சொன்ன பதில், "முதலாளிகிட்ட இப்படிப் பேசினா என் வேலை போயிடும் டீச்சர்."

அவன் பயம் எனக்குப் புரிகிறது. பந்தலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு வழி மட்டும் சொன்னேன். மூன்று பேச்சாளர் பேரோடு நாலாவதாக ஒரு தாளை வை. அதில் திங்கக்கிழமை லீவுக் கணக்கை எழுது. பக்கத்திலேயே அதற்கு முந்தின நாள் வேலை வைத்தீர்களா இல்லையா என்று எழுது. வேறு ஒன்றும் பேசாதே. ஏற்றுமதி செய்கிறவருக்குக் கணக்கு புரியும். கோபம் வந்தால், "எங்க கிழட்டு டீச்சர் சொன்னாங்க" என்று பழியை என்மேல் போடு.

"பார்க்கறேன் டீச்சர்" என்றான். பார்ப்பான் என்று நம்புகிறேன்.

அந்தப் பிசிறு வெட்டிய பிள்ளை இப்போது எந்தக் கம்பெனியில், எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவன் கம்பெனியாகக்கூட இருக்கலாம். இன்னொரு தடவை யாரும் மைக்கைப் பிடித்து அவளை எழுந்து நிற்கச் சொல்லக்கூடாது. மைக்கை அவள் கையில் கொடுங்கள், உட்கார்ந்தே பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்